வீட்டுக்குள் நடப்பதற்கு யார் பொறுப்பு?

ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் பங்கேற்பவர்களின் நலனில் அக்கறை கொண்ட பார்வையாளர்கள் சிலர், தமிழ்நாட்டின் தொலைக்காட்சி நேயர்கள் அனைவருக்கும் விடுக்கும் வேண்டுகோள் இது. இதில் கையெழுத்திட்டிருப்பவர்கள் 'பிக் பாஸ்' பார்ப்பவர்கள், வாக்களித்தவர்கள். நிகழ்ச்சியைத் தடை செய்யச் சொல்ல அவர்கள் வரவில்லை. உள்ளே சண்டை மூண்டு ஒருவர் மனம் உடையும்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று கேட்கவே வந்திருக்கிறார்கள்.

போட்டியாளர்கள் ஒன்றாக அடைபட்டு வாழும் 'பிக் பாஸ்' வீட்டில் போன் கிடையாது, செய்தித்தாள் கிடையாது, கடிகாரமும் கிடையாது. யாரை வெளியே அனுப்பலாம் என்று வாரந்தோறும் சக போட்டியாளரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். 'டாஸ்க்' எனப்படும் போட்டியில் தோற்றால், கூடுதல் உணவுப் பொருட்களுக்கான 'லக்சரி பட்ஜெட்'டில் கை வைப்பார்கள். இத்தனையும் சேர்ந்த இடத்தில் மோதல் வராவிட்டால்தான் வியப்பு. நாள் முழுக்க ஓடும் கேமராப் பதிவிலிருந்து எந்தச் சில நிமிடங்கள் பிரமோவாக வேண்டும் என்பதையும் போட்டியாளர் தீர்மானிப்பதில்லை.

2017-இல் வந்த முதல் சீசனை மறந்தவர்கள் குறைவு. வீட்டில் பலராலும் ஒதுக்கப்பட்ட நடிகை ஓவியா, கடும் மன உளைச்சலோடு ஆகஸ்ட் மாதம் வெளியேறினார். அவருக்காக இணையத்தில் திரண்ட 'ஆர்மி' என்ற ரசிகர் கூட்டத்தின் கோபம் பெரும்பாலும் சக போட்டியாளர்கள் மீதே பாய்ந்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தால் அறிமுகமான ஜூலி, நிகழ்ச்சி முடிந்த பிறகும் வசைகளைச் சுமந்தார். அந்தச் சூழலை அமைத்தவர்களை நோக்கி மிகச் சிலரே கேள்வி கேட்டார்கள்.

2023 நவம்பரில், ஏழாவது சீசனில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. சக போட்டியாளர் பிரதீப் ஆண்டனியால் பாதுகாப்பாக உணரவில்லை என்று சில பெண் போட்டியாளர்கள் சொன்னார்கள். போட்டியாளர்களின் கருத்தைக் கேட்ட பிறகு ரெட் கார்டு தந்து அவரை வெளியேற்றினார்கள். வீட்டில் பதிவான காட்சிகள் தயாரிப்பாளர்கள் கையில் இருந்தன. அவற்றைப் பார்த்து, இரு தரப்பையும் தனியே விசாரித்து, முடிவுக்குத் தாங்களே பொறுப்பேற்றிருக்க வேண்டியவர்கள் அவர்கள். தீர்ப்புச் சொல்லும் வேலை போட்டியாளர்களின் தலையில் விழுந்ததால் புகார் சொன்ன பெண்கள் சமூக ஊடகத்தில் வதைபட்டார்கள். வெளியேற்றப்பட்டவருக்கும் முறையான விசாரணை நடந்ததாக அவருடைய ஆதரவாளர்கள் நம்பவில்லை.

நிகழ்ச்சியை நடத்துபவர்களே பொறுப்பேற்க வேண்டும் என்ற பாடத்தைப் பிரிட்டன் முன்பே படித்தது. 2007-இல் அங்கே 'பிக் பாஸ்' போன்ற 'செலிபிரிட்டி பிக் பிரதர்' வீட்டில் இந்திய நடிகை ஷில்பா ஷெட்டி இனவெறிப் பேச்சுக்கு ஆளானபோது, ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமுக்கு 44,000-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. விளம்பரதாரரான கார்ஃபோன் வேர்ஹவுஸ் விலகியது. விசாரித்த ஆஃப்காம், அதை ஒளிபரப்பிய சேனல் 4 விதிகளை மீறியதாகக் கண்டு, அந்த முடிவை அதன் திரையிலேயே அறிவிக்க வைத்தது. பேசியவர்களின் தவறு மறையவில்லை. ஆனால் பொறுப்பு சேனலிடம் போய்ச் சேர்ந்தது. 'லவ் ஐலண்ட்', 'ஜெரமி கைல் ஷோ' ஆகிய நிகழ்ச்சிகளில் பங்கேற்ற சிலரின் மரணங்களுக்குப் பிறகு 2019-இல் நாடாளுமன்றக் குழு விசாரணையைத் தொடங்கியது. பங்கேற்பதால் பெரும் பாதிப்புக்கு ஆளாகக்கூடியவர்களின் நலனில் ஒளிபரப்பாளர் உரிய கவனம் செலுத்த வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் அங்கே விதி.

ஜப்பானில் 'டெரஸ் ஹவுஸ்' நிகழ்ச்சியில் ஒரு சண்டைக் காட்சி வெளியானபின் மல்யுத்த வீராங்கனை ஹனா கிமுரா இணைய வசைகளால் துன்புற்று 2020 மே மாதம் உயிரிழந்தார். வயது 22. அவருடைய மனநிலையை, நிகழ்ச்சியை ஒளிபரப்பிய ஃபுஜி டிவி போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை என்று அந்நாட்டு ஒளிபரப்பு நெறிமுறை அமைப்பு மறு ஆண்டு சொன்னது. ஆனால் வசை எழுதிய விரல்கள் பார்வையாளர்களுடையவை. நமக்கும் இதில் பங்கு உண்டு.

"கையெழுத்துப் போட்டுத்தானே உள்ளே போனார்கள்?" என்று சிலர் கேட்கலாம். ஆலையில் வேலைக்குச் சேர்பவரும் கையெழுத்துப் போட்டுத்தான் சேர்கிறார். இயந்திரத்தில் கை சிக்கினால் முதலாளி அந்தக் கையெழுத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது.

எனவே கையெழுத்திட்டவர்கள் கேட்பது இதுதான். பிடிக்காத போட்டியாளரின் சமூக ஊடகப் பக்கத்திலும் அவர் குடும்பத்தாரின் பக்கத்திலும் போய் வசை எழுதாதீர்கள். சண்டையை மட்டும் வெட்டியெடுத்த துணுக்குகளைப் பகிராதீர்கள். கோபம் வந்தால் சேனலுக்குப் புகார் எழுதுங்கள். 2021-இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி சேனல் 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தியில்லை என்றால் ஒளிபரப்பாளர்களின் சுயஒழுங்கு அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். வீட்டுக்குள் மனநல ஆலோசகர் உண்டா, துன்புறுத்தல் புகாரை விசாரிப்பவர் யார், வெளியே வந்தவருக்கு எத்தனை மாதம் துணை நிற்பார்கள் என்று கேளுங்கள். அடுத்த சீசன் தொடங்கும் முன் இந்தக் கேள்விகளுக்கான பதிலைச் சேனல் வெளியிட வேண்டும். அதுவரை கேட்டுக்கொண்டே இருங்கள்.