கியர் மாற்ற வேண்டாம். பில்லைத்தான் தாங்க முடியவில்லை!

ஒரகடம் ரோட்டில் கால் மணி நேரம் நின்றால் போதும். நீள நீளமான லாரிகளில் புதுக் கார்கள் போய்க்கொண்டே இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ, நிசான் கார்கள்.

இந்தக் கார்களில் சிலவற்றுக்கு கிளட்ச் இல்லை. கியர் மாற்ற வேண்டியதும் இல்லை. சி.வி.டி. என்கிறார்கள். ஹூண்டாய் வைத்த பெயர் ஐ.வி.டி. தாம்பரம் நெரிசலில் கால் வலிக்காது. சுகம்தான்!

ஆனால் கெட்டுப்போனால்?

ஸ்கூட்டரில் இருப்பதுதான்

இது புது மந்திரம் அல்ல. 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரிலும் இதே தத்துவம்தான். இரண்டு கப்பி, நடுவே ஒரு பெல்ட். கப்பி விரிந்து சுருங்க, வேகம் மாறும். ஸ்கூட்டரில் ரப்பர் பெல்ட். அறுந்தால் தெருமுனை மெக்கானிக் மாற்றிவிடுவார்.

காரில் எஃகு பெல்ட், அல்லது சங்கிலி. அதை இறுக்கிப் பிடிப்பது ஆயில் அழுத்தம். ஆயில் கெட்டால் பெல்ட் வழுக்கும். கப்பியில் கீறல் விழும். இரும்புத்தூள் ஆயிலில் கலந்து மற்ற பாகத்தையும் கெடுக்கும். அப்புறம் "முழு கியர் பாக்ஸையும் மாற்றணும் சார்" என்பார்கள். பில் லட்சத்தைத் தாண்டுவது சகஜம். செகண்ட் ஹேண்டில் மூன்று லட்சத்துக்குக் கார் வாங்கிய குமாஸ்தா என்ன செய்வார்?

அமெரிக்காவுக்கு ஒரு நியாயமா?

சி.வி.டி. என்றாலே மோசம் என்று சொல்வதும் தவறு. ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டிகள் பல ஆண்டுகள் ஓடுகின்றன. ஆனால் புகார் வந்தபோது கம்பெனி என்ன செய்தது என்பதுதான் கேள்வி. 2003 முதல் 2010 வரையிலான மாடல்களுக்கு, அமெரிக்காவில் நிசான் இந்த கியர் பாக்ஸின் வாரண்டியை 10 வருடம் அல்லது 1,20,000 மைல் என்று நீட்டியது. அதாவது சுமார் 1.93 லட்சம் கிலோமீட்டர்! அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

உதிரி பாகத்தை வெளி மார்க்கெட்டில் தாராளமாக விற்கவில்லை என்று 2014-ல் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. சில கம்பெனிகளுக்கு அப்பீலில் தொகை குறைந்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு "பழுதுபார்க்கும் உரிமை" இணையதளத்தைத் திறந்தது. கார்களும் அதில் சேர்த்திதான். ஆனால் உரிமை கம்ப்யூட்டரில் இருந்தால் போதுமா? புதுப்பேட்டை மெக்கானிக் கைக்கு வர வேண்டாமா?

செய்ய வேண்டியது

கியர் பாக்ஸ் விலையையும் ரிப்பேர் செலவையும் ஷோரூமிலேயே எழுதி மாட்ட வேண்டும். பெல்ட், கப்பி, வால்வு எல்லாம் தனித்தனியாகக் கிடைக்க வேண்டும். வெளி மெக்கானிக்குக்கும் பயிற்சி தர வேண்டும்.

வாங்குகிறவரும் உஷாராக இருக்க வேண்டும். பழைய கார் என்றால் ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள். என்ஜின் இரைந்தும் வண்டி நகரத் தயங்கினால், கிளம்பும்போது உதறினால், வாங்காதீர்கள். கம்பெனி சொன்ன ஆயிலைத் தவிர வேறு ஊற்றாதீர்கள். ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

முழுக் காரையே செய்யத் தெரிந்த ஊர் இது. அதன் கியர் பாக்ஸைப் பழுது பார்க்கக் கற்றுக் கொடுப்பது பெரிய காரியமா? கம்பெனிகள் மனம் வைக்குமா?