வேலைக் கடிதத்தை விபரமாகத் தாருங்கள்



அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் உதவி டீமேக்கராக இருந்த என் தம்பி மகன், கனடாவில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கிறான். வேலைக் கடிதம் கேட்டதற்கு, 'இங்கு பணியாற்றினார், நன்னடத்தையுள்ளவர்' என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்கள். சேர்ந்த திகதிகூட அதில் இல்லை. கனடா கேட்பதோ பதவி, பணிக்காலம், செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம், சலுகைகள். அதுவும் நிறுவனத்தின் கடிதத்தாளில், பொறுப்பானவரின் கையொப்பத்துடன். கொழுந்து வாட்டுவது முதல் தூள் தரம் பிரிப்பது வரை இராப்பகலாக அவன் பார்த்த வேலைக்கு அந்தக் காகிதத்தில் இடமே இல்லை.

காகித அத்தாட்சியில்லாமல் அல்லற்படுவது மலையகத் தோட்டத் தமிழர்களான எங்களுக்குப் புதிய துன்பமல்ல. இலங்கையின் 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், மணமானவர்களிடம் 1946க்கு முந்திய 7 வருட இடையறாத வதிவுக்கு அத்தாட்சி கேட்டது. மணமாகாதவர்களிடம் 10 வருடம். தோட்டத் தொழிலாளர் பதிவேடான செக்றோலில் பெயர் விடுபட்டு மனு தள்ளுபடியானதும் உண்டு. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பித்தும், ஒன்றரை இலட்சம் பேருக்குக்கூடப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை.

பிள்ளைகளே, நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, ஈபிஎஃப் கணக்குக் கூற்று எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஆனாலும் அவை துணை ஆவணங்கள்தான். விபரமான கடிதம் கொடுப்பதால் நிர்வாகத்துக்கு ஒரு சதம் நட்டமில்லை. தோட்டக் கம்பனிகள் இதற்கு ஒரு பொதுப் படிவம் வைத்துக்கொள்ள வேண்டும். தொழில் திணைக்களமும் தொழிற்சங்கங்களும் சம்பளப் பேச்சோடு இதையும் சேர்த்துக் கேட்கட்டும்.

ஒரு வாசகர்,
அப்புத்தளை