இன்டர்ன்னா ஓசி ஆளா?

மே மாசம் வந்தா போதும். நான் குப்பை கொட்டுற நாக்பூர்ல, வங்கிக் கிளைகள்ல காலேஜ் பிள்ளைங்க கழுத்துல அடையாள அட்டையோட சுத்துவாங்க. சம்மர் இன்டர்ன்ஷிப்பாம்!

முதல் வாரம் முழுக்க கேஒய்சி பேப்பரை ஜெராக்ஸ் எடுக்கணும். ரெண்டாவது வாரம் இன்சூரன்ஸ் விக்கணும். யார்கிட்ட? சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட. மதியச் சாப்பாடு, ஷேர் ஆட்டோ எல்லாம் அவங்க கைக்காசு.

கேட்டா, "அனுபவம்தான் சம்பளம்"ங்கறாங்க. அனுபவத்தை நீட்டினா ஆட்டோக்காரர் சில்லறை தருவாரா சார்?

பி.காம். படிச்சவன் சொல்றேன். ஓசி உழைப்பு எந்த லெட்ஜர்லயும் ஏறாது. செலவு மட்டும் அந்தப் பிள்ளையோட அப்பா தலையில ஏறும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் இந்த 'அனுபவம்' கட்டுப்படியாகும். காலேஜுக்கு சர்ட்டிபிகேட் வேணுமே, அதனால யாரும் வாயைத் திறக்கறதில்ல.

கொடுக்க முடியாதா என்ன? ரிசர்வ் வங்கி தன்கிட்ட வர்ற சம்மர் மாணவர்களுக்கு மாசாமாசம் உதவித்தொகை தருது. 2024 அக்டோபர்ல பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் ஆரம்பிச்சப்ப மாசம் 5000 ரூபாய்னு வச்சாங்க. அப்ரன்டிஸுக்கு உதவித்தொகை கொடுத்தே ஆகணும்னு 1961ஆம் வருஷச் சட்டமே சொல்லுது. ஆனா பேரை 'இன்டர்ன்'னு மாத்திட்டா அந்தச் சட்டத்துக்கு டிமிக்கி கொடுத்துடலாம்!

பெரிசா ஒண்ணும் கேக்கல. பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் கொடுங்க. ஒரு லோன் ஃபைலைக் கையில கொடுத்து, இது ஏன் சாங்ஷன் ஆச்சு, அது ஏன் ஆகலன்னு ஒரு மணி நேரம் உக்காந்து சொல்லிக் கொடுங்க. ரெண்டும் முடியாதா? அப்ப 'ஜெராக்ஸ் எடுக்க ஆள் தேவை'ன்னு போர்டு வைங்க. அதுவாவது நேர்மை.

என்ன மக்களே, நான் சொல்றது சரிதானே?