கேஸ் மாட்டிக்கிச்சா? முதல்ல கையைத் தூக்குங்க!

என்.சி.சி.யில் இருக்கும் நண்பர்களே, இல்லாத நண்பர்களே, ஒரு கேள்வி. .22 ரைஃபிளில் சுட்டுட்டீங்க. போல்ட்டை இழுக்கறீங்க. காலி கேஸ் வெளியே வரலை, சேம்பருக்குள்ளேயே உட்கார்ந்துடுச்சு. என்ன செய்வீங்க?

நான் செஞ்சதைச் சொல்றேன். போன வருஷம் கேம்ப்பில் ரெண்டு தடவை வேகமா இழுத்துப் பார்த்தேன். வரலை. படுத்த வாக்கிலேயே திரும்பி, ரைஃபிளோட பின்னால் நின்ன உஸ்தாத்கிட்ட காட்டப் போனேன். பக்கத்தில் படுத்திருந்தவன் தலையை மண்ணில் புதைச்சுட்டான். உஸ்தாத் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கு. திட்டு வாங்கினது நியாயம்தான். ஆனா அதுக்கப்புறம் "ஒழுங்கா இழுக்கத் தெரியலை"ன்னு சாயங்காலம் வரைக்கும் கேலி செஞ்சாங்களே, அது நியாயமில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் கேஸ் ஏன் மாட்டுதுன்னு பார்ப்போம். இது நம்ம பாடம். தோட்டாக் கூடு பெரும்பாலும் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம் கலந்த பித்தளை. மருந்து எரியும்போது அழுத்தம் எகிறுது. ராணுவ ரைஃபிள்களில் 3,000 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல். கூடு விரிஞ்சு சேம்பர் சுவரில் அப்பிக்கொள்வதால்தான் வாயு பின்னால் பீய்ச்சாது. குண்டு வெளியேறினதும் பித்தளை கொஞ்சம் சுருங்கி சுவரை விட்டு விலகணும். அந்த மயிரிழை இடைவெளி கிடைக்கலைன்னா கேஸ் வராது. சேம்பரில் கரி படிஞ்சிருக்கலாம், துரு குழி விழுந்திருக்கலாம், எக்ஸ்ட்ராக்டர் கொக்கி தேஞ்சிருக்கலாம். இதில் எதுவுமே சுடுறவன் கையில் இல்லை. நான் சுட்ட ரைஃபிளில் எனக்கு முன்னாடி அஞ்சாறு டீடெய்ல் சுட்டிருந்தாங்க. நடுவில் ஒருத்தரும் புல்த்ரூ போடலை.

இதே கதை பெரிய அளவில் வியட்நாமில் நடந்திருக்கு. அமெரிக்க ராணுவம் எம்16 ரைஃபிளைக் கொடுத்தப்போ, வடிவமைச்சப்போ இருந்த மருந்துக்குப் பதிலா வேறு வகை மருந்து தோட்டாவில் போட்டிருந்தாங்க. அது கரியை அதிகம் விட்டது, ரைஃபிளின் வேகத்தையும் கூட்டியது. ஈரம் நிறைஞ்ச காட்டுக்குப் போற துப்பாக்கியின் சேம்பருக்கு குரோம் பூச்சு கிடையாது. பல பேருக்குத் துடைக்கிற கிட்டும் கொடுக்கலை. விளைவு, கேஸ் சேம்பரிலேயே சிக்கியது. சண்டைக்கு நடுவில் குழல் வாய் வழியா கம்பியை விட்டுக் குத்தி எடுத்தாங்க. பிரிச்சுப் போட்ட ரைஃபிள் பக்கத்தில் இறந்துகிடந்தவங்களைப் பற்றி வீரர்கள் ஊருக்குக் கடிதம் எழுதினாங்க. அதிகாரிகளோ, வீரர்கள் சரியாத் துடைக்கலைன்னு சொன்னாங்க. 1967இல் நாடாளுமன்றக் குழு விசாரிச்ச பிறகுதான் மேலே எடுத்த முடிவுகள்மேல் பழி விழுந்தது. சேம்பருக்கு குரோம் வந்தது, கிட் வந்தது. சிக்கலும் பெருமளவு குறைஞ்சது.

நம்ம பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கு. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யும் அசால்ட் ரைஃபிளின் 7.62×39 தோட்டாவைப் படத்தில் பாருங்க. கூடு நேர் உருளையா இருக்காது, நல்லாவே கூம்பிட்டுப் போகும். கூம்பான பொருளைக் கொஞ்சம் நகர்த்தினாலே சுவரை விட்டு விலகிடும். மாட்டுவதைத் தடுக்கிற வேலையை வரைபடத்திலேயே செஞ்சுட்டாங்க. சேற்றில் படுத்திருக்கிறவன் தலையில் அதைக் கட்டலை.

சரி, தப்பு என்னோடது இல்லைன்னா நான் திரும்பினது பரவாயில்லையா? இல்லவே இல்லை. புதுக்கோட்டைக்காரங்க இதை மத்தவங்களைவிட நல்லா உணரணும். 2021 டிசம்பர் 30, நார்த்தாமலை பக்கம் பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்தாங்க. கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயசுப் பையன் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3, தஞ்சாவூர் மருத்துவமனையில் அவன் இறந்துபோனான். அங்கே கேஸ் எதுவும் மாட்டலை, அது வேற விஷயம். ஆனா குழல் பார்க்கிற திசையில் நம்ம கண்ணுக்குத் தெரியாத ஆளும் இருக்கிறார் என்பது ஒரே விஷயம்தான். நாம விளையாட்டா நினைக்கிற .22 குண்டே ஒரு மைலுக்கு மேல் போகக்கூடியது.

அதனால் என் கருத்து இதுதான். கேஸ் மாட்டினால் அதை எடுப்பது முதல் வேலை இல்லை. குழல் பட்ஸைப் பார்த்தபடியே இருக்கணும். விரல் ட்ரிக்கரை விட்டு வெளியே. இன்னொரு கையைத் தூக்கி, வாயால் சொல்லணும். ட்ரிக்கர் அழுத்தியும் வெடிக்கலைன்னா போல்ட்டைத் தொடாம அப்படியே காத்திருக்கணும், மருந்து தாமதமா எரியலாம். குழல் வழியா கம்பி விடுற வேலை உஸ்தாதுக்கும் ஆர்மரருக்கும் உரியது. உள்ளே இருப்பது காலிக் கூடா, உயிருள்ள தோட்டாவான்னு உறுதி செய்யாம குத்தினால் என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

இதை ரெண்டு நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துடலாம். ஆனா கையைத் தூக்கினவனைக் கேலி செய்யுற இடத்தில் அடுத்தவன் கையைத் தூக்க மாட்டான். தானே இழுப்பான், தட்டுவான், திரும்புவான். அப்போ நாம பயிற்சியில் கொடுத்தது வீரம் இல்லை, விபத்து.

அடுத்த கேம்ப் போறவங்க ரெண்டு விஷயம் கேளுங்க. டீடெய்லுக்கு டீடெய்ல் நடுவில் சேம்பரைத் துடைக்கிறாங்களா? எந்த ரைஃபிள் எத்தனை தடவை மாட்டுதுன்னு யாராவது நோட்டில் எழுதுறாங்களா? அந்த நோட்டில் ஒரே ரைஃபிள் நம்பர் மூணு தடவை வந்தால், பழுது கேடட்டிடம் இல்லை.

நாளைக்கு நாமளும் ஏதாவது மெஷினை வரைவோம். அது மாட்டிக்கும்போது, "ஆபரேட்டருக்கு ஓட்டத் தெரியலை"ன்னு எழுத நம்ம கையில் பேனா இருக்கும். எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை சேம்பரைத் திறந்து பாருங்க.