புகார் சொன்ன பிள்ளையின் பக்கம் நில்லுங்கள்

நாங்குநேரி வட்டாரத்துப் பெற்றோருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும், டொராண்டோவிலிருந்து உங்கள் ஊர்க்காரன் எழுதும் மடல்.

2023 ஆகஸ்ட் 9 ராத்திரியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிளஸ் டூ படித்த ஒரு தலித் மாணவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும் பள்ளிக்கூடத்துப் பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அந்த வெட்டு விழுந்தது, தனக்கு நடக்கும் கொடுமையை அவன் பள்ளியில் சொன்ன பிறகு. நம்பிச் சொன்ன பிள்ளைக்கு அன்று யார் காவல் இருந்தோம்? என்னால் இதைத் தாண்டிப் போக முடியவில்லை.

நான் வாழும் ஒன்டாரியோவில், ஒரு பிள்ளையை மற்றவர்கள் கொடுமைப்படுத்துவது தெரிந்தால் பள்ளி ஊழியர் அதைத் தலைமை ஆசிரியரிடம் சொல்லியே தீர வேண்டும். அவர் விசாரித்து, பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோரிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையின் பாதுகாப்புக்கு என்ன செய்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. தவறு செய்தவனைத் தண்டிப்பது வேறு, சொன்னவனைக் காப்பது வேறு. இரண்டாவதை நம் பக்கத்தில் யாரும் ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை.

இந்த ஊரை நான் உயர்த்திப் பேசவில்லை. சாதி இங்கும் வந்து சேர்ந்துவிட்டது. 2023 மார்ச்சில் டொராண்டோ பள்ளி வாரியமே சாதிப் பாகுபாட்டைப் பற்றித் தீர்மானம் போட வேண்டியிருந்தது.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு, மோதிரம், நெற்றியில் அடையாளம் கூடாது. வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது. பெயரின் அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும். 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும். படித்தபோது எனக்கு ஒவ்வொன்றும் நம் வகுப்பறையைப் பார்த்தே எழுதியதுபோல இருந்தது. ஆனால் 2019இலும் கயிற்றைத் தடுக்கச் சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அது அப்படியே நின்றுபோனது. கயிறு கட்டிய பையனைத் தலைமை ஆசிரியர் கண்டித்தால், மறுநாள் காலை பள்ளி வாசலில் நாலு பைக் வந்து நிற்கும் என்பது உங்களுக்கும் தெரியும். அதற்குப் பயந்து எத்தனை ஆசிரியர்கள் கண்டும் காணாமல் இருக்கிறார்கள்! வீட்டில் பெரியவர்கள் ஆசீர்வதித்துக் கட்டிவிடுகிற கயிற்றை ஒரு வாத்தியார் தனியாக எப்படி அவிழ்ப்பார்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் எல்லாத் தெருக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுங்கள்: கயிற்றுக்காக எங்கள் பிள்ளையைக் கண்டித்தால் நாங்கள் கேட்டு வர மாட்டோம், எந்தப் பிள்ளை புகார் சொன்னாலும் அன்று சாயங்காலமே அதன் வீட்டுக்கு ஆசிரியரோடு எங்களில் இருவர் போவோம். அந்த இருவரில் ஒருவராவது புகாருக்கு ஆளான பையனின் தெருவிலிருந்து போகட்டும்.