கள்ளிச்செடிக்கு மருந்து தேடும் முன் வேரைப் பாருங்கள்

சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் அலோர்ஸ்டாரிலும் இரவுச் சந்தைகளில் சில வெள்ளிக்குச் சின்னச் சட்டியில் கேக்டஸ் கிடைக்கிறது. வாங்கி வந்து சன்னலோரம் வைக்கிறோம். சில மாதங்களில் அடிப்பகுதி பழுப்பாகி, ஒரு நாள் தொட்டவுடன் சாய்ந்துவிடுகிறது. உடனே நாம் கேட்கும் முதல் கேள்வி, “இதற்கு என்ன மருந்து அடிக்கலாம்?” என்பதுதான். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்பது என் கருத்து. “வேர் எப்படி இருக்கிறது?” என்றுதான் தொடங்க வேண்டும்.

கெடாவின் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. பால்மரத்தைத் தாக்கும் வெள்ளை வேர் நோயை நினைத்துப் பாருங்கள். இலை மஞ்சளாவது கண்ணுக்குத் தெரியும்போது, மண்ணுக்கடியில் வேரின் பெரும்பகுதி ஏற்கெனவே கெட்டிருக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் இலையைப் பார்த்து நின்றுவிடாமல், மரத்தின் தூரைச் சுற்றி மண்ணைக் கிளறி, வேரில் வெள்ளை நூல் படர்ந்திருக்கிறதா என்று தேடினார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் சன்னலோரச் சட்டிக்கும் கொண்டுவரச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் செடி எது என்று தெரிந்துகொள்ளுங்கள். முள் இருப்பதெல்லாம் கேக்டஸ் அல்ல. கேக்டஸின் முட்கள் பஞ்சு வைத்தாற்போன்ற சிறு மெத்தைப் புள்ளிகளிலிருந்து கிளம்பும். சதுரக்கள்ளி, திருகுகள்ளி போன்றவற்றில் அந்தப் புள்ளி இருக்காது. கீறினால் வெள்ளைப் பால் வடியும். இவை ரப்பர் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தப் பால் கண்ணில் பட்டால் கடுமையான எரிச்சலும் காயமும் உண்டாகும். வெட்டும்போது கையுறை அவசியம்.

ஏன் அழுகுகிறது?

கேக்டஸ் இனங்களின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டங்கள். நாம் வாங்கும் உருண்டை வகைகளில் பல, ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் மழைகூட இல்லாத இடங்களைச் சேர்ந்தவை. அலோர்ஸ்டாரில் பெய்வதோ சுமார் 2000 மில்லிமீட்டர். கேக்டஸ் பகலில் தன் தோல் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கிறது. நீரை மிக மெதுவாகவே செலவழிக்கிறது. எனவே வேர் உறிஞ்சுவதும் மெதுவாகத்தான். ரோஜாச் சட்டி இரண்டு நாளில் காய்ந்துவிடும். அதே அளவு நீர் ஊற்றிய கேக்டஸ் சட்டி வாரக்கணக்கில் ஈரமாக இருக்கும். ஈரம் தேங்கிய மண்ணில் காற்று இல்லை. காற்றில்லாமல் வேர் சாகிறது. செத்த வேர் வழியாகப் பூஞ்சை உள்ளே நுழைகிறது. நாம் பூஞ்சையைப் பார்த்து மருந்து தேடுகிறோம். ஆனால் அது கடைசியாக வந்த விருந்தாளி. கதவைத் திறந்துவிட்டது நம் தண்ணீர்க் குவளை.

இதில் குழப்பம் தரும் அறிகுறி ஒன்று உண்டு. செடி சுருங்கினால் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறோம். வேர் அழுகிய செடியும் நீர் ஏறாமல் அப்படித்தான் சுருங்கும். பிரித்தறிய எளிய வழி: ஒரு சாத்தே குச்சியைச் சட்டியின் அடிவரை செருகி எடுங்கள். குச்சி காய்ந்து வந்தால் ஒரு முறை நன்றாக நீர் விடுங்கள். சில நாளில் உடல் உப்பினால் தாகம்தான். குச்சி ஈரமாக வந்தாலோ, நீர் விட்டும் உப்பவில்லை என்றாலோ, செடியை வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, இழுத்தால் கையோடு வரும்.

அழுகல் தண்டுக்கு ஏறியிருந்தால் கத்திதான் வைத்தியம். கத்தியைச் சாராய ஆவியால் துடைத்து, பழுப்புக் கறை ஒரு புள்ளிகூட இல்லாத சதை தெரியும்வரை வெட்டுங்கள். நடுவளையத்தில் நிறம் மாறியிருந்தால் இன்னும் மேலே வெட்ட வேண்டும். வெட்டு வாயை நிழலில் ஒன்றிரண்டு வாரம் காயவிட்டு, பிறகு உலர்ந்த மணற்பாங்கான கலவையில் வையுங்கள். வேர் விடும்வரை நீர் வேண்டாம்.

நோய் போலத் தெரிபவை

அடித்தண்டு பழுப்பாகிக் கெட்டியாக இருந்தால் அது முதுமை. மரப்பட்டை போன்றது, விட்டுவிடுங்கள். விரலால் அழுத்தினால் அமுங்குவதுதான் அழுகல். வெயில் படும் பக்கத்தில் மட்டும் வெளிறிய தழும்பு இருந்தால் அது வெயில் சூடு. வீட்டுக்குள் இருந்த செடியைத் திடீரென முற்றத்தில் வைத்ததன் விளைவு. நுனி மட்டும் மெலிந்து வெளிறி நீண்டால் வெளிச்சம் போதவில்லை. இவை மூன்றுக்கும் எந்தப் புட்டியும் உதவாது.

சிவப்பு, மஞ்சள் தலையோடு விற்கப்படும் செடி தனிக் கதை. அந்தத் தலையில் பச்சையமே இல்லை; தானாக உணவு தயாரிக்க முடியாது. கீழே உள்ள பச்சைத் தண்டில் ஒட்டுக்கட்டப்பட்டு, அதன் உழைப்பில் வாழ்கிறது. அந்தப் பச்சைத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடி. மலேசிய டிராகன் பழத் தோட்டங்களில் தண்டுப் புற்று எனும் பூஞ்சை நோய் இருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. பச்சைத் தண்டில் சிறு புள்ளிகள் தோன்றிப் பரவினால் அந்தச் செடியை மற்றவற்றிடமிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

உண்மையான பூச்சிகளும் உண்டு. வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. 70 விழுக்காடு சாராய ஆவியில் நனைத்த காதுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்கலாம். வாரம் ஒரு முறை, சில வாரங்களுக்கு. அது வேரிலும் ஒளிந்திருக்கும் என்பதால் சட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பது இங்கும் உதவும். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் செஞ்சிலந்தி வரும். தோல் துருப்பிடித்தாற்போல் மாறும். குழாய் நீரால் கழுவி, சட்டியை உலரவிட்டால் பெரும்பாலும் குறையும்.

‘மருந்து’ என்ற சொல்

இனி என் முக்கியமான கவலைக்கு வருகிறேன். மலாயில் இதை ‘ராச்சுன்’ என்கிறார்கள், அதாவது விஷம். தமிழில் நாம் மட்டும் ‘மருந்து’ என்கிறோம். தோட்டத்தில் ‘மருந்தடித்த’ தலைமுறையின் சொல் அது. அந்த மருந்துகளின் வரலாறு நமக்குத் தெரியும். பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2002இல் மலேசியா தடை அறிவித்தது. 2006இல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதை முதுகில் சுமந்து தெளித்தவர்களில் நம் பெண்கள் எத்தனையோ பேர். பூச்சட்டிகளில் பலரும் தூவி வந்த குருணை மருந்தான கார்போபியூரானும் விவசாயத்தில் தடை செய்யப்பட்டுவிட்டது.

ஆனாலும் தோட்டத்திலோ செம்பனைக் காட்டிலோ மிஞ்சியதைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் முழுதாக ஒழியவில்லை. புட்டி மாறியவுடன் எச்சரிக்கைச் சீட்டும் போய்விடுகிறது. தாமான் வீட்டிலும் அடுக்குமாடியிலும் அந்தப் புட்டி இருப்பது குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில். சில வெள்ளிச் செடியைக் காப்பாற்ற இப்படியோர் ஆபத்து தேவையா? சட்டியைக் கவிழ்த்தால் தெரியும் காரணத்துக்கு விஷம் தெளிப்பது வைத்தியமே அல்ல.

செய்ய வேண்டியதற்குச் செலவும் குறைவு. கெடா நெல் விளையும் மாநிலம். கருக்கிய உமி எளிதில் கிடைக்கும். அதோடு பருமனான ஆற்று மணல், செங்கல் சில்லு, கொஞ்சம் சுட்ட மண் கலந்தால் நீர் நிற்காது. கடல் மணல் வேண்டாம், உப்பு கெடுக்கும். துளையுள்ள மண்சட்டி நல்லது. செப்டம்பர், அக்டோபர் மழையில் கூரைக்கடியில் வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள். நாள் எண்ணி நீர் ஊற்றாதீர்கள். குச்சியைக் கேட்டு ஊற்றுங்கள்.

வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். துளையில்லாத கண்ணாடிக் கிண்ணத்திலும், மேலே கல்லைப் பசையால் ஒட்டிய சட்டியிலும் கேக்டஸ் விற்பதை நிறுத்துங்கள். அது விற்கும்போதே செடியின் ஆயுளை முடித்துவைப்பது. வாங்குபவர்களும் சட்டியைத் தூக்கி அடியில் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.