வெத்திலைப் பெட்டிக்குள்ளும் இரசாயனம்



மஞ்சள் கறை பட்ட சேலையில் சவர்க்காரம் போட்டால் கறை சிவந்துவிடும். லயத்தில் இதை அறியாதவர்கள் இல்லை. ஏன் சிவக்கிறது என்று பத்தாம் வகுப்பில் கேட்டபோது ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. "காட்டி என்றால் என்ன?" என்று கேட்டதும் புத்தகத்திலுள்ள வரைவிலக்கணத்தை வகுப்பே ஒரே குரலில் ஒப்புவித்தது. அந்த மஞ்சள்தான் காட்டி என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் வீட்டிலிருந்து பொருட்கள் கொண்டுவரச் சொன்னோம். மஞ்சள், தேசிக்காய், சவர்க்காரத் துண்டு, முட்டைக்கோது, வினாகிரி, செவ்வரத்தம்பூ எல்லாம் வந்தன. ஒரு பிள்ளை பாட்டியின் வெத்திலைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பும் கொண்டுவந்தாள். சவர்க்காரத்தில் சிவந்த மஞ்சள் துணி தேசிக்காய்ச் சாறு பட்டதும் மறுபடி மஞ்சளானது. செவ்வரத்தம்பூவை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாறு அமிலத்தில் சிவப்பாகவும் சவர்க்கார நீரில் பச்சையாகவும் மாறியது. வினாகிரியில் போட்ட முட்டைக்கோது நுரைத்தது. சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஓர் இரவு தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வடித்து, ஸ்ட்ரோவால் மெதுவாக ஊதினோம். நீர் பால்போல வெளுத்தது. நம் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டுதான் அதற்குக் காரணம். அப்படி உண்டான வெள்ளைப் பொடி கல்சியம் காபனேற்று. முட்டைக்கோதும் பெரும்பாலும் அதே பொருள்தான். அன்றைக்கு மணி அடித்தும் யாரும் எழும்பவில்லை.

"பாடம் நடக்கல, விளையாட்டுத்தான் நடக்குது" என்று சில பெற்றோர் குறைப்பட்டார்கள். அவர்களின் பயம் நியாயமானது. அரைப்பேர் போய்விடுமோ என்ற கவலையோடு மலைக்குப் போய் உழைத்துப் படிக்கவைக்கும் பிள்ளை பரீட்சையில் தவறிவிடக் கூடாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் மனப்பாடம் செய்தது கேள்வி சற்று மாறினால் கைவிட்டுவிடும். கையால் செய்து கண்ணால் கண்டது மறக்காது.

நாம் செய்யும் தொழிலும் இரசாயனம்தான். வாட்டி அரைத்த கொழுந்து பச்சை நிறம் மாறிச் செம்பு நிறமாவது, இலையிலுள்ள நொதியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து செய்யும் வேலை. அடுப்புச் சூட்டில் அந்த வேலை நிற்கிறது. நைதரசன் உரம் போடப் போட மண்ணின் அமிலத்தன்மை கூடுகிறது. அது அளவு மீறாமலிருக்கத்தான் கவ்வாத்துக் காலத்தில் மலைக்கு டொலமைட் போடுகிறோம். மருந்தடிக்கும் தொழிலாளி போத்தலில் எழுதியிருப்பதை வாசித்து, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மருந்து, எதற்குக் கையுறை என்று கேட்கத் தெரிந்திருந்தால் அவர் உடம்பு தப்பும். இந்த அறிவு துரைக்கும் டீமேக்கருக்கும் மட்டும் உரியதல்ல.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். செவ்வரத்தம்பூவும் சுண்ணாம்பும் ஆய்வுகூடத்துக்கு ஈடாகாது. "வீட்டுப் பொருளை வைத்தே சமாளிக்கிறீர்களே, ஆய்வுகூடம் எதற்கு?" என்று எந்த அதிகாரியும் கேட்க நாம் இடம் கொடுக்கக் கூடாது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது நம் பிள்ளைகளின் பள்ளிகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டன. 1970களில் அரசு பொறுப்பேற்கும் வரை ஓர் ஆசிரியர், ஒரு மண்டபம், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது என்பதே பலருடைய கதை. அந்தப் பின்தங்கலின் பாரத்தை இன்றும் சுமக்கிறோம். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பும் தோட்டத்துப் பிள்ளை பலவேளை ஊரைவிட்டு நகரத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. பஸ் காசும் தங்குமிடச் செலவும் தாங்காத வீடுகளில் விருப்பம் அத்தோடு முடிகிறது.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறோம். முதலாவது, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போய், விஞ்ஞான ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வுகூடம் உண்டா, அது திறக்கப்படுகிறதா என்று கேட்கட்டும். இல்லையென்றால் கையொப்பம் சேர்த்து வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுங்கள். சங்கம் உங்களோடு வரும். இரண்டாவது, பிள்ளை ஒரு தேசிக்காயோ முட்டைக்கோதோ கேட்டால் ஏசாமல் கொடுங்கள். மூன்றாவது, பரிசோதனை செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருங்கள். சுண்ணாம்பு கண்ணில் படக் கூடாது. மருந்து வந்த வெறும் போத்தலை எக்காரணம் கொண்டும் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள்.

இன்று இரவு பிளேன்டீயில் தேசிக்காய் பிழியும்போது அதன் நிறம் வெளிறுவதைப் பிள்ளைக்குக் காட்டி, ஏன் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் நாளைக்குப் பள்ளியில் கேட்டுவரச் சொல்லுங்கள். கேட்கப் பழகிய பிள்ளை நாளை பெரட்டிலும் கேட்கும்.